கலை வரலாறும் திருப்பணியும்

(குடமுழுக்குப் பெருவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருக்கோயிலின் வாயிலிற் புகுவோர் அனைவரும் இறைவனைக் காணவே புகுகின்றனர். கோபுரத்தைக் கண்ட அளவில் கை குவிகின்றது. திருமுன் நின்ற அளவில் கண் பனிக்கின்றது. வழிபாட்டின் முதலும் முடிவும் அதுவே. எனினும், அக்கோபுரத்தை எடுப்பித்தவர் யாவர், அத்திருமேனியை வார்த்த கைகள் எக்காலத்தன, சுவரில் எழுதிய ஓவியம் எந்த அடியாரின் வரலாற்றைக் கூறுகின்றது என்னும் வினாக்களும் அன்பினின்றே எழுவன. அவ்வினாக்களுக்கு விடை தேடும் துறைக்குக் கலை வரலாறு என்று பெயர்.

இத்துறை ஆராய்வது யாது? முதலாவது, திருவுருவம். ஆடல்வல்லான் பிற தலங்களில் இடத் திருவடியைத் தூக்கி ஆடுகின்றான். மதுரை வெள்ளியம்பலத்திலோ வலத் திருவடியைத் தூக்கிக் கால்மாறி ஆடுகின்றான். கையில் ஏந்திய துடிக்கும் தீக்கும், காலின்கீழ்க் கிடக்கும் முயலகனுக்கும் தனித்தனியே பொருள் உண்டு. இவ்வடையாளங்களைக் கண்டு, இன்ன மூர்த்தி இவர் எனத் தெளிவது முதற்படி.

இரண்டாவது, காலம். கட்டிய ஆண்டைக் கூறும் கல்வெட்டு எல்லாக் கோயில்களிலும் இல்லை. அத்தகைய இடங்களில் கல்லின் வடிவமே சான்று பகர்கின்றது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், தென்னாட்டுக் கட்டடக் கலை பற்றி 1914-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். தூணின் தலைமேல் உத்திரத்தைத் தாங்கி நிற்கும் போதிகையைப் பலரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பல்லவர் காலத்தில் அது வளைந்து அலைவரிகளோடு விளங்கியது. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பெற்று நடுவே ஒரு முனை நீண்டது. விசயநகரத்தார் காலத்தில் அம்முனையே தொங்கும் மலராய் விரிந்து பூப்போதிகை ஆயிற்று. போதிகை ஒன்றைக் கொண்டே ஒரு மண்டபம் எந்த நூற்றாண்டினது என்று பெரும்பாலும் கூறிவிடலாம்.

மூன்றாவது, பொருளும் தொழிலும். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி எழுப்பிய கோயில் இது என்று முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் கல்வெட்டுப் பொறித்தான். அவ்வொரு செய்தியினின்றே, அதற்கு முன்னிருந்த கோயில்கள் அப்பொருள்களால் ஆனவை என்பதும், அவை இன்று காணக் கிடையாமைக்குக் காரணமும் விளங்குகின்றன. நான்காவது, அளித்தவர் வரலாறு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் பிறரும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றின் உயரமும், திருக்கைகளின் எண்ணிக்கையும், பூட்டிய அணிகலன்களின் எடையும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கொடையாளரின் பெயர் ஆயிரம் ஆண்டு நின்றது, அது முறையாகக் குறிக்கப்பெற்றமையால் அன்றோ!

இவ்வறிவினால் பக்திக்கு விளையும் பயன் யாது என்று வினவுவோர் உண்டு. விடையும் அத்தஞ்சைக் கோயிலிலேயே உள்ளது. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலின் கருவறையைச் சுற்றி இருள் சூழ்ந்த உள்திருச்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் மட்டுமே உள்ளன என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1931-ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, பூச்சு உதிர்ந்த இடத்தில் அதன் அடியே மற்றோர் ஓவியப் படலம் இருத்தலைக் கண்டார். அது சோழர் காலத்து ஓவியம். திரிபுரம் எரித்த பெருமான் அங்கே தேரின்மேல் நிற்கின்றான். ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட முதியவரும், வெள்ளானைமீது கயிலைக்குச் செல்லும் சுந்தரரும், குதிரைமீது உடன்செல்லும் சேரமான் பெருமாளும் அங்கே உள்ளனர்.

சேக்கிழார் பெருமான் வாழ்ந்தது இரண்டாம் குலோத்துங்கன் காலம். அஃதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டு. பெரிய புராணம் எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சுந்தரர் வரலாறு சோழப் பேரரசன் கட்டிய கோயிலின் உட்சுவரில் தீட்டப்பெற்றிருந்தது என்பது இதனால் அறியப்படுகின்றது. அடியார் பெருமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? அச்சுவரை யாரேனும் பழைய பூச்சு எனச் சுரண்டியிருப்பின், இச்சான்று மண்ணோடு மண்ணாகியிருக்கும். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர், மேலிருந்த நாயக்கர் ஓவியப் பகுதிகளையும் அழியாமற் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்துக் காத்தனர். ஒன்றைக் காண்பதற்கு மற்றொன்றை அழித்தல் வேண்டா என்பது அப்பணி தரும் பாடம்.

திருமேனிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர் கால நடராசர் திருமேனி களவு போயிற்று. 2008-ஆம் ஆண்டில் ஆசுதிரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் அதனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அத்திருமேனியைக் கோயிலில் முன்னரே படமெடுத்து வைத்திருந்தனர். அப்படத்தோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் பெருமான் தாயகம் திரும்பினார். கடல் கடந்து சென்ற இறைவனை மீட்டுத் தந்த சான்றுகளுள் ஒன்று, யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் ஓர் எளிய சிற்றூர்க் கோயிலில் நின்று எடுத்த நிழற்படம்!

களவினும் கொடியது ஒன்று உண்டு; அது நல்லெண்ணத்தால் நேரும் அழிவு. கள்வன் கொண்டு சென்றது ஒருநாள் மீளக்கூடும். திருப்பணியின் பெயரால் அழிந்தது மீளாது. ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு பூசுதல், கல்வெட்டுள்ள சுவரின்மீது வண்ணம் தீட்டுதல், காற்றின் விசையால் மணலைப் பீய்ச்சிக் கல்லைத் துலக்குதல், பழைய தளக்கல்லைப் பெயர்த்துப் பளிங்கு பதித்தல் ஆகியவை எல்லாம் பக்தியோடு செய்யப்பட்டவையே. ஆயினும் மணல் பட்ட கல்லில் எழுத்து மழுங்குகின்றது. மழுங்கிய எழுத்தோடு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விளக்குக்காக ஆடுகள் அளித்த ஓர் ஏழை அடியாரின் பெயரும் மறைகின்றது. இன்று பெயர் பொறிக்கப்பெறும் கொடையாளர், அன்று பெயர் பொறிக்கப்பெற்ற கொடையாளரை அழித்தல் தகுமோ?

இதற்கு வழி காட்டியவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழனின் அன்னையாருமாகிய அவர், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிக்காவில் அவ்வாறு திருப்பணி செய்தபோது, பழைய கற்களில் இருந்த பல்லவர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படியெடுத்து, இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். தமக்கு முன் அறம் செய்தோரின் பெயர் தம் அறத்தால் மறையலாகாது என்பது அப்பெருமாட்டியாரின் உள்ளக் கிடக்கை. கலை வரலாறு என்ற பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அதன் உயிர்க் கொள்கை தமிழ்நாட்டுத் திருக்கோயிலில் நடைமுறையில் இருந்தது.

ஆதலின் திருப்பணிக்குப் பொருள் வழங்கும் செல்வர்கள் முதற்கண் ஆற்றத்தக்கவை சில. உளி படுவதற்கு முன், சுவர் ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்தல் வேண்டும். கல்வெட்டுக்களை அறிந்தோரைக் கொண்டு படியெடுத்தல் வேண்டும். திருமேனிகளின் உருவும் அளவும் கோயிலேட்டில் ஏறுதல் வேண்டும். பூச்சின்கீழ் ஓவியம் உண்டோ என்று வல்லுநரை வினவுதல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு கலசத்திற்குப் பூசும் பொன்னின் விலையினும் சிறிது. பயனோ தலைமுறைதோறும் வளர்வது.

குடமுழுக்கு நீர் கலசத்தின்மேல் விழுகின்றபோது, பழைய கோயில் புதுவாழ்வு பெறுகின்றது. அவ்வாழ்வு முன்னோர் கைவண்ணத்தை உள்ளடக்கியதாக அமைதல் வேண்டும். அங்ஙனம் அமையின், இன்று திருப்பணி செய்த அன்பர்களின் பெயரையும், பின்வருவோர் கல்லில் தேடிக் கண்டு போற்றுவர்.

வாழ்க திருக்கோயில்! வளர்க திருத்தொண்டு!