வீட்டுப் பட்டறையில் ஆர்பர் செய்தல்



திருப்பதி என்றவுடன் மலையும் மலைமேல் உறையும் பெருமாளும் நினைவுக்கு வருதல் இயல்பு. அம்மலையின் அடியிலே இரும்போடு பழகும் உலகம் ஒன்றும் இருக்கின்றது. ரேணிகுண்டா சந்திப்பும், திருப்பதியிலுள்ள ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பணிமனையும், ஊருக்குள் இருக்கும் சிறு பட்டறைகளும் அவ்வுலகத்தைச் சேர்ந்தவை. அத்தகைய இடங்களில் கை பழகியவர், தம் வீட்டுப் பின்கட்டிலும் சிறிய லேத் ஒன்று இருத்தல் வேண்டும் என்று ஆசைப்படுதலில் வியப்பில்லை. பொழுதுபோக்காக இயந்திர வேலை செய்வோருக்கென லண்டனில் 1898-லேயே தனிப் பத்திரிகை தோன்றிவிட்டது. நம் கோவையிலோ, உயர்கல்வி பெறாத ஜி. டி. நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தே பொறிநுட்பம் கற்றார், 1937-இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து மின்மோட்டாரும் செய்தார்.

வீட்டுப் பட்டறைக்காரர் விரைவில் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். திருகாணியின் தலையில் பிளவு வெட்டவும், வளையத்தை ஒரு பக்கம் பிளந்து இறுக்குப்பிடியாக்கவும் பயன்படுவது ‘ஸ்லிட்டிங் சா’ என்னும் மெல்லிய வட்ட ரம்பம். உயர்வேக எஃகினால் ஆனது. பழைய கருவிக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதன் நடுத்துளை ஒன்றில் 16 மில்லிமீட்டர், ஒன்றில் 22, மற்றொன்றில் 27 அல்லது 32. பழைய ஆங்கில அளவாயின் ஒரு அங்குலம். நம் இயந்திரத்தில் அதனைப் பொருத்த இடையே ஓர் தண்டு வேண்டும். அதுவே ஆர்பர். மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் அதற்குச் ‘சுழல்தண்டு’ என்று எழுதிவிடலாம். பட்டறையில் அச்சொல்லைச் சொன்னால் எவரும் எடுத்துத் தரமாட்டார். ஆகவே ஆர்பர் என்றே வழங்குவோம்.

உதாரணமாக 80 மில்லிமீட்டர் விட்டமும் 22 மில்லிமீட்டர் துளையும் உடைய ரம்பத்தைக் கொள்வோம். ஆர்பருக்கு மூன்று உறுப்புகள்: இயந்திரம் பற்றும் காம்பு, ரம்பம் அமரும் தோளும் மூக்கும், மேலே வைத்து இறுக்கும் மூடி. சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லெஃகுத் தண்டு போதும்.

முதலில் காம்பை 16 மில்லிமீட்டருக்குக் கடைதல் வேண்டும். பிறகு தண்டைத் திருப்பி, அக்காம்பைப் பற்றிக்கொண்டு தலைப்பக்கத்தைக் கடைதல் வேண்டும். இங்கேதான் வேலையின் உயிர் இருக்கின்றது. காம்பின் மையமும் மூக்கின் மையமும் ஒன்றாயிராவிடில் ரம்பம் கோணிச் சுழலும். சாதாரண மூன்று தாடைச் சக்கை இதற்கு நம்புதல் ஆகாது. நல்ல காலட்டில் பற்றலாம். அது இல்லையேல் நான்கு தாடைச் சக்கில் பிடித்து, டயல் கேஜின் முள் நூற்றிலொரு மில்லிமீட்டருக்கு மேல் அசையாதவரை தாடைகளைத் திருத்தலாம். அதன்பின் தலையை 36 மில்லிமீட்டர் விட்டமாக்கி, 22 மில்லிமீட்டர் மூக்கை 4 மில்லிமீட்டர் உயரத்திற்குக் கடைந்து, மரைக்கான துளையையும் இடுதல் வேண்டும். இவையெல்லாம் பிடியைத் தளர்த்தாமல் ஒரே அமைப்பில் முடிய வேண்டும். 8 மில்லிமீட்டர் மரைக்கு 6.8 மில்லிமீட்டர் துளை பொருந்தும்.

மூக்கு இறுதி அளவை நெருங்கும்போது அளவுகோலை மட்டும் நம்பாமல், இயந்திரத்தை நிறுத்தி ரம்பத்தையே போட்டுப் பார்ப்பது நன்று. வலிந்து தள்ளாமல் ஏற வேண்டும். ஏறியபின் ஆடவும் கூடாது. தோளும் மூக்கும் கூடும் மூலையில் சிறு பள்ளம் வெட்டிவிட்டால் ரம்பம் தோளில் படிந்து அமரும்.

மூடி 12 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கலாம். அதன் அடியில் மூக்கு நுழையுமாறு நாலரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைதல் வேண்டும். அரை மில்லிமீட்டர் ரம்பமானாலும் மூன்று மில்லிமீட்டர் ரம்பமானாலும் மூக்கின் நுனி அக்குடைவில் மறையும். ஒரே ஆர்பர் எல்லாவற்றுக்கும் உதவும். மூடியும் தோளைப் போலவே 36 மில்லிமீட்டராயின், ரம்பம் 22 மில்லிமீட்டர் ஆழம்வரை வெட்டும்.

‘ரம்பம் வழுக்காதிருக்கச் சாவி இட வேண்டாவா?’ என்று கேட்கலாம். மெல்லிய ரம்பத்திற்கு அது இல்லாதிருப்பதே நலம். பல் சிக்கிக்கொண்டால் ரம்பம் வழுக்கி நின்றுவிடும். சாவி இருந்தால் துண்டு துண்டாக உடையும். திருகைப் பற்றியும் ஒன்று அறிதல் வேண்டும். மேலிருந்து நோக்க ஆர்பர் வலஞ்சுழியாகச் சுழலும்போது, வெட்டின் எதிர்ப்பு வலமரைத் திருகை மேலும் இறுக்கும். ரம்பத்தைத் தலைகீழாக மாட்டி எதிர்த்திசையில் ஓட்டினால் அதே எதிர்ப்பு திருகைத் தளர்த்திவிடும். பற்கள் எப்பக்கம் நோக்குகின்றன என்று மாட்டும்போதே பார்த்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

இனி வேகம். மெல்லெஃகை உயர்வேக எஃகால் வெட்டுகையில் பல்லின் முனை நிமிடத்திற்கு 25 மீட்டர் செல்லலாம். 80 மில்லிமீட்டர் ரம்பத்தின் சுற்றளவு சுமார் 251 மில்லிமீட்டர். ஆகவே நிமிடத்திற்கு 100 சுற்றுகளே. பார்ப்பதற்கு மந்தமாகத் தோன்றும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் பல் மழுங்கும். எண்ணெய் தாராளமாக விடுக. வேலைத்துண்டை இறுகப் பிணித்து, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்தே தொடங்குக. உடைந்த ரம்பத்தின் சில்லு எத்திசையில் பறக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

வெட்டும்போது ஒலியைக் கவனியுங்கள். ஒரே சீரான சரசரப்பாக இருந்தால் எல்லாப் பற்களும் உழைக்கின்றன. சுற்றுக்கு ஒரு முறை ‘டிக், டிக்’ என்று கேட்டால் ஒருபுறத்துப் பற்கள் மட்டுமே சுமை தாங்குகின்றன. அவை முதலில் மழுங்கும்; பின்னர் ரம்பமே முறியும். சிறிது ஒலி பெரும்பாலும் இருக்கவே செய்யும். அதனைக் குறைப்பதே கைத்திறன்.

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்த நம்மவர்க்குப் புதிய ஊரின் மொழி படியச் சில ஆண்டுகள் ஆகும். பட்டறையில் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோமீட்டர் காட்டும் எண் தெலுங்கருக்கும் தமிழருக்கும் ஒன்றே. அடுத்த வீட்டுக்காரர் தம் ரம்பத்தைக் கொண்டுவந்து ‘இதற்கும் ஒன்று செய்து தாருங்கள்’ என்று கேட்பாராயின், அங்கே உறவு தொடங்கிவிட்டது. பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, டயல் கேஜின் முள்ளைப் படிக்கச் சொல்லுங்கள். நூற்றிலொரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று அவன் கண்ணால் கண்டுகொள்வான்.