பசுவுக்குத் தரும் கைப்பிடி
(அறவாரிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பசுவுக்கு உணவளிப்பதை எவராலும் இயன்ற அறங்களுள் ஒன்றாகத் திருமந்திரத்தில் வைத்தார் திருமூலர். நானும் அதைச் செய்தவன்தான். மளிகைக் கடை நடத்திய காலத்தில், விற்காமல் தங்கிய மக்காச்சோளத்தை மாதந்தோறும் ஒரு கோயிலின் பசுமடத்துக்கு அனுப்புவேன். மழைச் சாரல் பட்டுக் கட்டி தட்டிப் பூஞ்சணம் பிடித்த மூட்டையும் அதில் இருக்கும். 'மாடுதானே, தின்றுவிடும்' என்று எண்ணினேன். புண்ணியம் சேர்வதாகவும் நம்பினேன்.

அங்கே ஒரு கிடாரி. மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மடி மட்டும் வீங்கியது. மலடு என்று முடிவு கட்டி விற்கப் பேசினார்கள். விற்றால் அது எங்கே போய்ச் சேரும் என்பது உங்களுக்குத் தெரியும். வந்து பார்த்த கால்நடை மருத்துவர் தீவன மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அது நான் அனுப்பிய மூட்டை.

அன்று அவர் விளக்கியதையே உங்கள் முன் வைக்கிறேன். ஃபுசேரியம் என்னும் பூஞ்சணம், ஈரமான பருவத்தில் மக்காச்சோளத்தையும் கோதுமையையும் வயலிலேயே பற்றும். ஈரத்தோடு கட்டி வைத்தால் மூட்டையிலும் வளரும். அது உண்டாக்கும் சியரலெனோன் என்ற நஞ்சு, பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் போலவே உடலில் வேலை செய்யும். பூட்டில் கள்ளச்சாவி நுழைவது போலத்தான். கருப்பை ஏமாந்துவிடும், பருவம் தவறும், கரு தங்காது. இதனால் மிகுதியும் பாதிக்கப்படுவது பன்றி. அமெரிக்காவில் 1928இலேயே பன்றிகளிடம் இந்நோயைக் குறித்து வைத்தார்கள். நஞ்சைப் பிரித்தறிந்தது 1962இல்தான். மாடு ஓரளவு தாங்கும் என்றாலும் கிடாரிகள் எளிதில் பாதிக்கப்படும்.

நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் மற்றொரு பூஞ்சணம் செழித்து வளர்ந்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைத் தரும். அது கல்லீரலைக் கெடுப்பதோடு, உருமாறிப் பாலிலும் இறங்கும். அந்தப் பால்தான் அபிஷேகத்துக்கும் குழந்தைகளுக்கும் போகிறது. வெயிலில் காயவைத்தாலும், வேகவைத்தாலும் இந்த நஞ்சுகள் முழுதும் நீங்கா.

ஆகவே அன்பர்களே, பூஞ்சணம் கண்ட தானியத்தையும் பிண்ணாக்கையும் பசுமடத்துக்கு அனுப்பாதீர்கள். தானியத்தின் ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். மூட்டைகளைத் தரையில் படாமல், சுவரை ஒட்டாமல், பலகைமேல் அடுக்குங்கள். இயலாதவர்கள் ஒரு கட்டுப் பச்சைப்புல் கொடுங்கள், அதுவும் அறமே. இறைவனுக்குப் படைக்கக் கூசுவதைப் பசுவுக்கு வைக்கலாமா?

மூட்டையை நிறுத்திய சில மாதங்களில் அந்தக் கிடாரிக்குச் சினை நின்றது. கன்று பிறந்த செய்தி கேட்டுப் போனேன். அதைத் தடவிக் கொடுத்தபோது மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்திருந்தது. அந்த வெட்கம் உங்களில் ஒருவருக்கும் வர வேண்டாம் என்று வேண்டி அமர்கிறேன்.