நிற்கத் தெரிந்த வண்டி



விருத்தாசலத்தை நாம் பீங்கான் நகரம் என்கிறோம். அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சூளையில் வெந்து வெளிவரும் ஊர் இது. ஃபியூஸ் கட்டைக்கு ஏன் பீங்கான்? உள்ளே கம்பி உருகினாலும் கட்டை பற்றி எரியாது. சூட்டைத் தாங்கும் இந்தக் குணத்துக்காகவே வேகமான கார்களின் பிரேக்கிலும் பீங்கான் இடம்பெற்றது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 2001-இல் தன் 911 ஜி.டி.2 காரில் இத்தகைய பிரேக் டிஸ்கைப் பொருத்தியது. கார்பன் இழையால் ஆன தட்டுக்குள் உருகிய சிலிக்கனை ஊடுருவச் செய்கிறார்கள். சிலிக்கன் உருகவே 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும்.

நம் வீட்டு வாசலில் நிற்கும் காரில் வார்ப்பிரும்பு டிஸ்க்தான் இருக்கிறது. ஆனால் வேலை ஒன்றே. ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றி, அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 80-இல் போனால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

இன்று நம் பிள்ளைகள் பலர் செல்பேசியில் பார்த்து, வீட்டிலேயே பிரேக் பேடும் டிஸ்கும் மாற்ற முற்படுகிறார்கள். நல்லதுதான். நாசரேத்துத் தச்சுப் பட்டறையை மதிக்கும் நாம் கைவேலையைக் குறைவாக நினைக்க மாட்டோம். ஆனால் இந்த வேலை யாருக்காக என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காருக்குள் இருப்பவருக்கு சீட் பெல்ட் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது. சாலையைக் கடக்கும் பாட்டிக்கும், ஓரத்தில் நெல் காயவைப்பவருக்கும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் என்ன இருக்கிறது? நம்முடைய பிரேக் மட்டும்தான் இருக்கிறது.

இதை மனத்தில் வைத்தால் ஒவ்வொரு படியும் வேறாகத் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்ற மாட்டோம்; உறுதியான ஸ்டாண்டையும் கொடுப்போம். ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்ற மாட்டோம். ஒரே அச்சில் இருபக்கமும் சேர்த்து மாற்றினால்தான் வண்டி ஒரு பக்கமாக இழுக்காமல் நிற்கும். எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் அளவு பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போய்விட்டால், "இன்னும் ஆறு மாதம் ஓடும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். புதிய டிஸ்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்காமல், கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

பிரேக் ஆயிலையும் மறக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது ஆயில் கொதித்து ஆவியானால், மிதித்த மிதி வெறுமையாகக் கீழே போகும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். புதிய பேடுக்கு இடம் தர, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னே தள்ளியிருப்போம். ஆகவே முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. மிதி கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே பலமுறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தால், விலை கொடுக்கப்போவது வாசலில் விளையாடும் நம் குழந்தையாகவும் இருக்கலாம். பிறகு ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் சிலமுறை மெல்ல நிறுத்திப் பழக்கி, இடையிடையே ஆறவிட வேண்டும். இவற்றில் ஒன்றேனும் நமக்குத் திடமாகத் தெரியவில்லை என்றால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே பிறரன்பு.

ஜூலை 25-ஆம் நாள் புனித கிறிஸ்டோபர் திருநாள். பல இடங்களில் அன்று வாகனங்களை மந்திரிக்கிறார்கள். ஒரு குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கச் செய்தவர் அவர் என்பது மரபு. அவர் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறோம். சாலையில் எதிர்ப்படும் ஒவ்வொரு உயிரும் அந்தக் குழந்தையைப் போல நம் பொறுப்பில் விடப்பட்டது என்பதையும் நினைப்போம். புனித நீர் தெளிக்கப்பட்ட வண்டிக்குள், யாரும் பார்க்காத இடத்தில் தேய்ந்த பேடு இருக்கிறதா என்று இந்த வாரமே நாம் பார்ப்போம்.

இறைவன் நம் பயணங்களையும், நம் வழியில் வருவோரின் பயணங்களையும் காப்பாராக. ஆமென்.