மெடூசாவின் முக்காடு

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கு எழுத்தைக் கூட்டிப் படிக்க விடாத டிஸ்லெக்ஸியாவும், ஓரிடத்தில் உட்கார விடாத கவனக்குறைவுச் சிக்கலும் இருந்தன. இரண்டாம் வகுப்பில் அந்தப் பையனுக்கு ருசித்தது கிரேக்கப் புராணம் மட்டும்தான். இரவில் படுத்ததும் அப்பாவிடம் அதையே கேட்பான். தெரிந்த புராணமெல்லாம் தீர்ந்துபோனதும், அதே ஆட்களை வைத்துப் புதிதாக ஒன்று சொல்லச் சொன்னான். மூன்று இரவுகளில் சொல்லி முடித்த அந்தக் கதைதான் 2005இல் ‘தி லைட்னிங் தீஃப்’ என்ற நாவலாக வெளிவந்தது. கடல் தெய்வம் பொசைடனின் மகன் பெர்ஸி ஜாக்ஸன், பன்னிரண்டு வயதுப் பையன், தெய்வங்களின் அரசன் ஜீயஸின் களவுபோன இடியாயுதத்தைத் தேடி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறான். அவனுக்கும் எழுத்துகள் கண்முன் மிதக்கின்றன. அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்தது என்று நாவல் அதற்கு ஒரு காரணமும் சொல்கிறது.

எழுத்து பிடிபடாத ஒரு பிள்ளைக்காகப் பிறந்த கதை பக்கம் பக்கமாக எழுத்தாகவே வந்தது ஒரு வேடிக்கை. 2010இல் அது கிராஃபிக் நாவலானது. கதையைப் படக்கதைக்கு ஏற்றபடி எழுதியவர் ராபர்ட் வெண்டிட்டி. வரைந்தவர் ஹங்கேரி நாட்டு ஓவியர் அட்டிலா ஃபுடாக்கி. வண்ணம் ஹோஸே வில்லாருபியா.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் பாதி கணக்குத்தான். நாவல் 370 பக்கங்களைத் தாண்டுகிறது, ஏறத்தாழ 87,000 சொற்கள். கிராஃபிக் நாவலோ 128 பக்கம். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்தால் 640 கட்டம். ஒரு கட்டத்தில் படத்தை மறைக்காமல் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் நுழைப்பது கடினம். ஒவ்வொரு கட்டத்தையும் அப்படி நிரப்பினாலும் 16,000 சொற்கள்தான் தேறும். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியே போயாக வேண்டும். எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் தழுவுகிறவரின் திறமை தெரியும்.

முதலில் அடிபடுவது குரல். பெர்ஸியின் கதையை பெர்ஸியே சொல்கிறான். ஆசிரியர்களைக் கிண்டலடித்து, தன்னையே நக்கலடித்து, பயத்தை நகைச்சுவையால் மூடிச் சொல்கிறான். நாவலை வாசகர் கையில் பிடித்து வைத்திருப்பது இடியாயுதம் அல்ல, அந்தப் பேச்சுத்தான். படத்தில் பெர்ஸி சொல்கிறவனாக இல்லாமல் பார்க்கப்படுகிறவனாக ஆகிவிடுகிறான். கட்டத்தின் மூலையில் ஒரு சிறு பெட்டி போட்டு அவன் எண்ணத்தை எழுதலாம். ஆனால் எல்லாக் கட்டத்திலும் பெட்டி போட்டால் அது படம் ஒட்டிய நாவலாகத்தான் இருக்கும். இந்த நஷ்டத்துக்கு ஈடு கிடையாது. நாவலைப் படித்துச் சிரித்த பிள்ளை படக்கதையில் அவ்வளவு சிரிக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

இனி மெடூசா, தன் முகத்தைப் பார்த்தவரைக் கல்லாக்கும் கிரேக்கப் புராண அரக்கி. நாவலின் நடுவே, நியூ ஜெர்சியில் ஒரு சாலையோரக் கடை. தோட்டத்தில் வைக்கும் சிமென்ட் பொம்மைகள் விற்கும் இடம். பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகள் பெர்ஸியின் கண்ணுக்குக் குழம்பித் தெரிகின்றன. உள்ளே முக்காடு போட்ட ஓர் அம்மாள் பசியோடு வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறாள். சுற்றிலும் பயந்த முகத்தோடு கற்சிலைகள். யார் அவள் என்பதை நாவல் மெல்ல மெல்லத்தான் அவிழ்க்கிறது. சொல்லுக்கு அந்த வசதி உண்டு. சிலைகளை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் வாசகரின் மூக்கை சாப்பாட்டு வாசனைப் பக்கம் திருப்பிவிடலாம். படத்துக்கு அது முடியாது. முக்காடு, கற்சிலை, அலறும் வாய் மூன்றும் ஒரே கட்டத்தில் நின்றால் புராணம் தெரிந்த பிள்ளை ‘மெடூசா’ என்று சொல்லிவிடும்.

அப்படியானால் ஓவியர் என்ன செய்யலாம்? கோணத்தை மாற்றலாம். சிலைகளைத் தூரத்தில் நிழலாக வைத்துவிட்டு, பிள்ளைகளின் சாப்பிடும் கைகளை அருகில் காட்டலாம். முக்காடு விலகும் கணத்தை வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நிறுத்தி, பக்கத்தைப் புரட்டினால்தான் அடுத்தது தெரியும்படி செய்யலாம். படக்கதையில் திரைச்சீலை என்பது தாள்தான். திருப்புகிற விரல்தான் அதை விலக்குகிறது. பெயர்ப்பலகையைப் பொறுத்தவரை படக்கதையின் கையே ஓங்கியிருக்கிறது. ஏனென்றால் அங்கே எழுத்தும் ஓவியமே. குழம்பிய எழுத்துகளை அப்படியே வரைந்துவிட்டால், படிக்கத் திணறும் பிள்ளையின் கண்ணை நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு நொடி கடன் கொடுத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் அதே காட்சியில் இருக்கிறது. மெடூசாவின் முகத்தைப் பார்த்தவர் கல்லாவார். நாவலில் பெர்ஸி பச்சைக் கண்ணாடி உருண்டை ஒன்றில் அவள் பிம்பத்தைப் பார்த்துத்தான் வாளை வீசுகிறான். வாசகரோ அவளைப் பார்ப்பதே இல்லை, சொல்லைத்தான் பார்க்கிறார். படக்கதை வாசகரின் நிலை வேறு. முகத்தை முழுதாக வரைந்தால், பார்த்த வாசகர் கல்லாகவில்லையே, மந்திரம் பொய்த்துப்போகும். வரையாமலே விட்டால் ஏமாற்றினதாகும். உருண்டையில் வளைந்து நெளிந்த பிம்பம்தான் வழி. தப்பிக்க பெர்ஸி கண்டுபிடித்த உத்தியே ஓவியருக்கும் உத்தியாக அமைவது இந்தக் கதையின் அதிர்ஷ்டம். காட்டாமல் காட்டத் தெரிந்தவரே புராணத்தை வரையலாம்.

மற்றவை இவ்வளவு கடினமில்லை. சக்கர நாற்காலியில் மடியில் போர்வையோடு வரும் லத்தீன் ஆசிரியர் உண்மையில் பாதி குதிரையான கைரோன். போர்வையை வரைந்தால் போதும், ரகசியம் தங்கும். லாஸ் வேகாஸின் லோட்டஸ் காசினோவில் சில மணி நேரம் போலத் தோன்றும்போதே வெளியே ஐந்து நாள் ஓடிவிடுகிறது. அங்கே 1977இலிருந்தே விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பையனை நாவல் பேசவைத்துக் காட்டுகிறது. படத்துக்கு அவன் மாட்டியிருக்கும் பெல்பாட்டமே போதும். தெய்வங்களின் உடையையும் ரியோர்டனே தீர்த்துவைத்துவிட்டார். ஜீயஸுக்குக் கோடுபோட்ட கோட்டு சூட்டு, பொசைடனுக்குக் கடற்கரை அரைக்கால் சட்டை, போர்த் தெய்வம் ஏரிஸுக்கு மோட்டார் சைக்கிள்காரனின் நீண்ட தோல் கோட்டு. கிரேக்கத் தெய்வங்களை இன்று கும்பிடுவோர் மிகக் குறைவு என்பதால் ஓவியருக்குக் கை நடுக்கமும் இல்லை.

இந்தியப் புராணம் என்றால் கதை மாறுகிறது. ரோஷனி சோக்ஷி 2018இல் எழுதிய ‘ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்’ நாவலில் பாண்டவர்கள் இக்காலத்துச் சிறுமிகளாக மறுபிறவி எடுக்கிறார்கள். அட்லாண்டா நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் ஆரு ஷா ஏற்றக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். தாயும் வகுப்புத் தோழர்களும் நின்ற இடத்திலேயே உறைந்துபோகிறார்கள். இந்திரனின் மகள் ஆரு, யமதருமனின் மகள் மினி. இதன் கிராஃபிக் நாவல் 2022இல் வந்தது. கதையமைப்பு ஜோ கரமாக்னா, ஓவியம் அனு சௌஹான்.

இங்கே ஓவியருக்கு முன்பே ஒரு கூட்டம் வரைந்து வைத்திருக்கிறது. ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கியது முதல், 1967இல் வந்த அமர் சித்திரக் கதை வரை, இந்திரனும் யமனும் எப்படி இருப்பார்கள் என்பது இந்தியக் கண்ணில் பதிந்துவிட்டது. தமிழ்நாட்டில் கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் முகங்கள்தான் பல வீடுகளில் இன்றும் பூஜையறை முகங்கள். எருமையும் பாசக்கயிறும் இல்லாத யமனைப் பார்த்தால் பாட்டி கேள்வி கேட்பாள். ஜீயஸுக்குக் கோட்டு மாட்டுவது போல அவ்வளவு எளிதில் இவர்களுக்கு மாட்டிவிட முடியாது.

ஆரு ஷாவின் கதையில் வரும் உறைதலும் ஓவியருக்கு வினோதமான சோதனை. எழுத்தில் ‘அசையாமல் நின்றாள்’ என்றால் விஷயம் முடிந்தது. படக்கதையிலோ எல்லாருமே எப்போதும் அசையாமல்தான் நிற்கிறார்கள்! உறைந்தவளையும் உறையாதவளையும் எப்படிப் பிரிப்பது? வண்ணத்தைச் சாம்பலாக்கலாம். கையிலிருந்து நழுவிய பொருளை அந்தரத்தில் நிறுத்தலாம். அடுத்தடுத்த மூன்று கட்டங்களில் ஒருத்தி இடம் மாற, மற்றவளை இம்மியும் மாறாமல் வரையலாம். கடைசி வழிதான் சிறந்தது, ஏனென்றால் உறைதலை வாசகரே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார்.

தமிழில் இத்தகைய நூல்களைக் கொண்டுவர நினைப்போர் பேச்சுக் குமிழ்களையும் மறக்கக் கூடாது. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வரைந்த குமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் சேர்ந்த நீளமான தமிழ்ச் சொல் நெரிபடும். எழுத்தைச் சிறிதாக்கினால், படிக்கத் திணறும் பிள்ளையே முதலில் நூலை மூடிவைக்கும். குமிழைப் பெரிதாக்கித் திரும்ப வரைவதோ, வசனத்தைத் துணிந்து வெட்டுவதோ நல்லது.

பெர்ஸி ஜாக்ஸன் வரிசையின் முதல் ஐந்து நாவல்களும் 2005 முதல் 2009க்குள் வெளிவந்துவிட்டன. அந்த ஐந்தும் படக்கதையாக வந்து முடிய 2010இலிருந்து 2019 வரை ஆனது.