சின்னப் பிள்ளை சொல்லும் பாடம்



பரிசளிப்பு நாளில் சோற்றுப் பேச்சா என்று எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். சபாக் வட்டாரத் தோட்டத்து மக்களாகிய நாமும் அதில் அடக்கம்தானே?

கைக்குழந்தையைப் பாருங்கள். வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாம் விடுகிறோமா? "இன்னும் ஒரு வாய்டா கண்ணு" என்று திணிக்கிறோம். அழுதால் டின்பால் கலந்த தேத்தண்ணி கொடுக்கிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். ஒருநாள் என் மகள், "போதும்ப்பா, வயித்துல எடமில்ல" என்று தட்டைத் தள்ளினாள். நானோ அப்போது மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1928இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பால்குடி மறந்த குழந்தைகள் முன்னே இறைச்சி, முட்டை, தானியம், காய், கனி, பால் முதலியவற்றை வைத்தார். யாரும் வற்புறுத்தவில்லை. வேண்டியதை வேண்டிய அளவு தின்ற பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். ஆனால் ஒன்று: அங்கே சீனி வைக்கப்படவில்லை.

ஆகவே, தட்டில் என்ன வைப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு போதும் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் வீட்டோரத்திலேயே விளையும். பிள்ளையோடு உட்கார்ந்து நாமும் சாப்பிடுவோம்; போதும் என்றால் நாமும் எழுந்துகொள்வோம்.