வீட்டு வாசலில் ஒரு காவல்

(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்நாட்டுப் பழைய வீடுகளில் மதிலோடு சேர்த்து ஒரு படிப்புரை கட்டியிருப்பார்கள். வருபவர் யார், அவரை உள்ளே விடலாமா, வாசலோடு அனுப்பிவிடலாமா என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடும். இன்று நம் வீடுகளுக்கு இன்னொரு தெருவும் வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணாடி இழை வழியே வரும் அந்தத் தெருவுக்கும் ஒரு படிப்புரை உண்டு. சுவரில் சிறு விளக்குகள் மினுக்கும் ரவுட்டர் என்னும் பெட்டியே அது. படிப்புரையின் சாவி யாரிடம் இருந்தது என்பதை வீட்டார் அனைவரும் அறிவர். இந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

கேரள அரசின் கே-ஃபோன் இழை வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மின்வாரியத்தின் கம்பங்களைத் துணைகொண்டு இழை கொண்டுசெல்லப்பட்டது. சுமார் 30,000 அரசு அலுவலகங்களும், ஏழ்மையிலுள்ள 20 லட்சம் குடும்பங்களும் அதன் இலக்கு; முதற்கட்டமாகத் தொகுதிக்கு 100 வீதம் 14,000 வீடுகள் குறிக்கப்பட்டன. வாசல் வரை இழை வருவது பெரிய காரியந்தான். ஆனால் வாசலில் நிற்கும் காவலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பேசாததன் விலை என்ன என்பதை 2016இல் உலகம் கண்டது. மிராய் என்ற தீநிரல் இணையத்தில் அலைந்து, வீட்டு ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் தேடிப் பிடித்தது. அது அரிய பூட்டுகள் எதையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்களில் சுமார் அறுபதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. ஏராளமான கதவுகள் திறந்துகொண்டன. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் எட்டாமற் போயின. தம் வீட்டுக் கேமரா இதில் பங்குகொண்டது என்பதை அதன் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் அறிந்தே இருக்கமாட்டார்கள்.

இந்தக் காவலை நாமே அமைத்துக்கொள்ள இயலுமா? இயலும். இரண்டு வலையமைப்பு அட்டைகள் கொண்ட ஒரு பழைய கணினி போதும். ஓர் அட்டை வெளித் தெருவுக்கு, மற்றது வீட்டுக்கு. அதில் டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் அமைப்பையோ, தீச்சுவர் வேலைக்கென்றே உருவான ஓப்பன்சென்ஸ் போன்ற ஒன்றையோ நிறுவலாம். இரண்டும் திறமூல மென்பொருள்கள், விலை கிடையாது, மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம்.

தீச்சுவர் என்ற பெயர் மிரட்டினாலும் அதன் வேலை எளிது. இணையத்தில் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொதியின் மேலும் எங்கிருந்து, எங்கே, எந்தத் துறை எண்ணுக்கு என்ற விவரம் இருக்கும். லினக்ஸின் உட்கருவில் உள்ள நெட்ஃபில்ட்டர் என்னும் பகுதி இவற்றைப் படித்து, நாம் எழுதிவைத்த விதிகளோடு ஒப்பிடுகிறது. வீட்டிலிருந்து ஒருவர் வெளியே ஒரு தளத்தை அழைத்தால் அதை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வரும்போது பதிவேட்டைப் பார்த்து, நாம் அழைத்ததற்கான பதில்தான் என்று உள்ளே விடுகிறது. யாரும் அழைக்காமல் தானாக வந்து கதவைத் தட்டும் பொதியைக் கைவிட்டுவிடுகிறது. அழைத்தவருக்கு வழி, அழையாதவருக்குத் தடை என்ற இந்த ஒரே விதி பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். நான் மேலும் ஒன்று செய்வேன்: கேமரா, தொலைக்காட்சி போன்றவற்றைக் குடும்பத்தாரின் கணினிகளோடு ஒரே அறையில் விடாமல், தனி வலையமைப்பில் வைப்பேன்.

வீட்டுக்குள் பலருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி, வெளியே எல்லோருக்கும் ஒரே முகவரி என்ற முகவரி மாற்றமே பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உலகில் 32 இலக்க இருமமுறை முகவரிகள் சுமார் 429 கோடிதான் என்பதால் வந்த சிக்கன ஏற்பாடு அது; காவலுக்கென்று வந்ததன்று. ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளிமுகவரி கிடைக்கிறது. அதைப் பரவலாக ஏற்றுக்கொண்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆகவே விதிகளை இரு பதிப்புகளுக்கும் எழுதவேண்டும். ஒன்றுக்கு எழுதி மற்றதை மறப்பது, முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைப்பதே.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் விதி எழுதியபோது, அடுத்த அறையில் இருந்துகொண்டு, எல்லாவற்றையும் தடு என்ற கட்டளையை முதலிலேயே இட்டுவிட்டேன். காவலாளி என்னையும் வெளியே நிறுத்திவிட்டான். திரையையும் விசைப்பலகையையும் சுமந்துபோய்ப் பெட்டியில் நேரடியாக இணைத்த பிறகே வீடு திரும்ப முடிந்தது. அனுமதி விதி முன்னே, பொதுத் தடை பின்னே என்ற பாடம் அன்றே மனத்தில் பதிந்தது.

பழைய கணினி கற்பதற்குச் சிறந்தது. நிலையாக ஓட்டுவதற்கு அவ்வளவு ஏற்றதன்று. 60 வாட் எடுக்கும் கணினி ஓராண்டு முழுவதும் ஓடினால் ஏறக்குறைய 525 யூனிட் மின்சாரம் செலவாகும். 8 வாட் எடுக்கும் சிறு ரவுட்டருக்கு 70 யூனிட் போதும். ஆகவே, கற்றபின், அதே வகையான மென்பொருளைச் சிறு பெட்டியிலேயே ஏற்றிவிடுவது அறிவுடைமை.

அது எப்படி இயலும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸைப் பயன்படுத்தி விற்பவர் அதன் மூலநிரலையும் தரவேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. 2003இல் நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதன்மீது 2004இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. எழுந்தது; இன்று மிகப் பல வகை ரவுட்டர்களில் அது ஓடுகிறது. தயாரித்தவர் கைவிட்ட பெட்டிக்கும் புதிய திருத்தங்கள் கிடைப்பது அதனால்தான். ஒரு உரிமப் பத்திரத்தின் சில வரிகள் இவ்வளவு செய்திருக்கின்றன. அதை நிறுவியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை கடவுச்சொல் வைப்பது. பொதுவாக அது கடவுச்சொல் இல்லாமலேதான் தொடங்கும். வாங்குமுன் உங்கள் பெட்டி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். தவறான கோப்பை ஏற்றினால் பெட்டி செங்கல்லாகிவிடும்.

இதெல்லாம் வல்லுநர் வேலை என்று அலுவலர்கள் நினைக்கலாம். இந்த மாநிலத்தில் அப்படிச் சொல்ல இடமில்லை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் இந்நகரில்தான், ரிச்சர்ட் ஸ்டால்மன் கலந்துகொள்ளத் தொடங்கியது. ஐ.டி.@ஸ்கூல் திட்டம் பள்ளிகளின் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் அது கைட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. இங்கே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை லினக்ஸ் கணினியில்தான் எழுதவும் வரையவும் பழகியிருக்கிறாள். அவளிடம் ஒரு பழைய ரவுட்டரையும் இரண்டு மாதச் செய்முறை வகுப்பையும் கொடுத்தால், தன் தெருவின் பத்து வீட்டு வாசல்களைச் சரிபார்த்துவிடுவாள். லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் இது ஏன் ஒரு பாடமாகக் கூடாது?

அலுவலர்களிடம் கேட்பது வேறு. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் எழுதாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் வரும், பெட்டிக்குப் பெட்டி வேறு கடவுச்சொல் உண்டா, அது முடிந்தபின் வேறு மென்பொருளை ஏற்ற அனுமதி உண்டா என்ற மூன்றையும் எழுதுங்கள். எல்லாக் கருவிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல் கூடாதென்று பிரிட்டன் 2024 ஏப்ரலில் சட்டமாகவே நடைமுறைப்படுத்திவிட்டது. இலவச இணைப்புப் பெறும் ஏழைக் குடும்பம் பழுதான பெட்டியைத் தன் செலவில் மாற்றிக்கொள்ளாது. பத்தாண்டானாலும் அதே பெட்டிதான் அங்கே இருக்கும்.

இணைப்புத் தருபவரின் ஒளியிழை முனையப் பெட்டியை மட்டும் யாரும் கழற்றவேண்டாம். அது அவருடையது. நம் ரவுட்டர் அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

இன்னும் ஒன்று. துலாவர்ஷ இடி இவ்வூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, மின்கம்பி கடத்தும். ஆகவே, மழை இருட்டும்போது மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். விதிகளின் நகலொன்றை வேறொரு நினைவகத்தில் வைத்து, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டை இருக்கும் அதே பெட்டியில் போட்டுவையுங்கள்.