கைநாட்டும் கையொப்பமும்

(பீடோங்கில் ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலையின் பொருட்டுத் தனியே அயல்நாடு செல்லும் நம் இளைஞர்களைப் பற்றிப் பேசுமாறு செயலவையினர் என்னைப் பணித்தனர். நான் மேடைப் பேச்சாளர் அல்லேன். நோயாளிகளின் படுக்கையருகே வாழ்நாளைக் கழித்தவள். ஆயினும், இருபது வயதில், 1973ஆம் ஆண்டில், இந்த ஊரிலிருந்து தனியே இங்கிலாந்துக்கு விமானம் ஏறியவள் என்ற ஒரே தகுதியைக் கருதி இப்பணியை ஏற்றுக்கொண்டேன். இதுவரை என் குடும்பத்தாரன்றி வேறு எவரிடமும் சொல்லாத ஒன்றை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அதற்குமுன் என் தாத்தாவைப் பற்றிச் சில சொற்கள். அவரும் இளம் வயதில் தனியே கடல் கடந்தவர்தாம். 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்து, ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் நாள்களைக் கழித்து, கெடாவின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்வெட்டத் தொடங்கினார். ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அதன்பின் வந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் சுதந்திரமானவர்கள். ஆயினும் கங்காணி சொன்னதே அவர்களுக்குச் சட்டமாக இருந்தது. ஊரைவிட்டுப் புறப்படுமுன் ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வைத்ததாகவும், அதில் எழுதியிருந்தது இன்னதென்று கடைசிவரை தெரியவில்லை என்றும் தாத்தா சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் பொருள் சிறுமியாக இருந்த எனக்கு அன்று விளங்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பள்ளிப்படிப்பை முடித்த காலம் நம்மவர்க்கு நெருக்கடியான காலம். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாத தொழிலாளர்கள் அனுமதிச் சீட்டு இன்றி வேலை செய்ய இயலாமற் போயிற்று. பிறந்து வளர்ந்த லயத்தைப் பூட்டிவிட்டுத் தமிழகத்துக்குக் கப்பலேறிய குடும்பங்களை நான் கண்ணாரக் கண்டேன். அந்நிலையில், தேர்வில் தேறிய ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு எதிர்காலம் எங்கே? அக்கேள்விக்கு விடையாக வந்ததுதான் இங்கிலாந்துத் தாதிப் பயிற்சி.

1948இல் தொடங்கப்பெற்ற பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவைக்குத் தாதியர் போதவில்லை. மேற்கிந்தியத் தீவுகள், அயர்லாந்து, மலேசியா முதலிய இடங்களிலிருந்து இளம் பெண்களை அந்நாட்டு மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. உதவித்தொகையும் உண்டு, தங்கும் விடுதியும் உண்டு. நம் நாட்டிலிருந்து மலாய், சீன, இந்தியப் பெண்கள் பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்த அந்த மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி இடம் பெற்றனர். நானும் எழுதினேன். பதில் வந்தது. அப்பா சுங்கைப் பட்டாணியிலிருந்த அடகுக் கடையில் அம்மாவின் நகைகளை வைத்தார். குறைந்த தொகையைத் தோட்டத்து மக்கள் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தனர். புறப்பட்ட அன்று, தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனை செய்த திருநீற்றை அம்மா ஒரு பழைய மைலோ டப்பாவில் நிரப்பி என் கையில் கொடுத்தார்.

அன்பர்களே, அங்கே என்னை வருத்தியது குளிர் என்று நீங்கள் எண்ணலாம். குளிர் பழகிவிடும். விடுதியில் மாட்டிறைச்சி பரிமாறப்பட்ட நாள்களில் உருளைக்கிழங்கும் ரொட்டியுமாகக் காலம் தள்ளியதும் பழகிவிட்டது. "உன் கறுப்புக் கை என் மேல் படக் கூடாது" என்று ஒரு மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது வலித்தது. ஆனால் மூன்று வாரங்களுக்குப் பின் அதே மூதாட்டி என் கையைப் பற்றிக்கொண்டுதான் உயிர் நீத்தார். உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட இந்திய வம்சாவளியினர் 1972இல் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்திருந்த காலம் அது. தெருவில் சிலர் எங்களையும் அவர்களோடு சேர்த்து ஏசினர். இந்தியாவிலிருந்து வந்தவர்களோ எங்களை மலேசியர் என்றனர். சொந்த நாட்டில் சிறுபான்மையினராக இருந்த நான், அங்கே சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையாக நின்றேன். விடுதியில் அலோர் ஸ்டாரிலிருந்து வந்த ஒரு சீனப் பெண்ணும், கிளந்தானிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண்ணும் எனக்குத் துணையாயினர். மூவரும் சேர்ந்து சமைத்த அந்தச் சின்ன அடுப்படியில்தான் நான் மலேசியர் என்பதை முழுமையாக உணர்ந்தேன்.

என்னை உண்மையில் வீழ்த்தியது வேறொன்று. பயிற்சி தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆன பின், ஜமைக்காவிலிருந்து வந்து பல்லாண்டுகளாகப் பணிபுரிந்த ஒரு மூத்த தாதி, தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "மகளே, நீ ஸ்டூடண்ட் நர்ஸா, பியூபில் நர்ஸா?" எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவ்விரு சொற்களுக்கும் தமிழில் மாணவி என்பதுதானே பொருள்! ஆனால் அந்நாட்டில் அவை இரண்டு வெவ்வேறு பாதைகள். முன்னவர் மூன்றாண்டு பயின்று எஸ்.ஆர்.என். எனப்படும் அரசுப் பதிவுத் தாதி ஆவார். பின்னவர் ஈராண்டு பயின்று எஸ்.இ.என். என்னும் கீழ்நிலைத் தாதி ஆவார். கீழ்நிலைத் தாதி தலைமைத் தாதியாக உயர வழியில்லை. அந்தச் சான்றிதழைப் பிற நாடுகள் பலவும் முழுத் தாதிக்குரிய தகுதியாக ஏற்பதில்லை. அயல்நாட்டுப் பெண்கள் பலர், முதற்பாதைக்குரிய தகுதி இருந்தும், இரண்டாம் பாதையிலேயே சேர்க்கப்பட்டனர். அந்த அம்மையாரும் அவர்களுள் ஒருவர்.

அறைக்கு ஓடிச்சென்று பெட்டியைத் திறந்து தாள்களை எடுத்துப் பார்த்தேன். "பியூபில்" என்றே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழே என் அழகிய கையொப்பம்! ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். எழுத்துக் கூட்டித் தெரிந்தவள். ஆயினும் நான் எதற்கு உடன்பட்டேன் என்பதை அறியாமலேயே ஒப்பமிட்டிருந்தேன். அன்றிரவுதான் தாத்தாவின் சிரிப்பு எனக்கு விளங்கிற்று. அவருடைய கைநாட்டுக்கும் என் கையொப்பத்துக்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்திருந்தது. வேறு என்ன மாறியிருந்தது?

இதனினும் பெரிய தவற்றை அதன் பின்னர் நான் செய்தேன். உண்மையை வீட்டுக்கு எழுதவில்லை. மாதந்தோறும் நீல நிற ஏரோகிராமில், "நலமாக இருக்கிறேன்; பயிற்சி நன்றாக நடக்கிறது" என்றே எழுதினேன். அப்பா அந்தக் கடிதங்களைப் பிரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் படித்துக் காட்டுவாராம். "என் மகள் பெரிய நர்ஸாகத் திரும்பப் போகிறாள்" என்று தோட்டமே பேசிற்று. அந்தப் பெருமையை உடைக்க எனக்குத் துணிவு இல்லை. நம்பி அனுப்பியவர்களிடம் தோல்வியைச் சொல்ல முடியாமல், உடன் இருப்பவர்களிடம் வீட்டு ஏக்கத்தைச் சொல்ல முடியாமல், இரு பக்கமும் வாய் மூடி நிற்பதைவிடக் கொடிய தனிமை வேறில்லை.

1976இல் விடுமுறைக்கு ஊர் திரும்பினேன். அப்பா என்னை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். வழியிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றவர், "உன் தாத்தாவுக்குப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. உனக்கும் இல்லாமல் போயிற்றே, அம்மா" என்றார். பின்னர், கோயிலில் கூடியிருந்தவர்களிடம் தாமே உண்மையைச் சொன்னார். எவரும் சிரிக்கவில்லை. சீட்டுப் பணம் கொடுத்த பாட்டி ஒருவர், "இன்னும் எத்தனை வருசம் படிக்கணும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு ஆண்டு என்றேன். "போய் முடித்துவிட்டு வா" என்றார். சென்றேன்; பதிவுத் தாதியாகத் தேறினேன். 1986இல் இலண்டன் ஹைகேட் முருகன் ஆலயத்தின் குடமுழுக்கைக் கண்டு வணங்கியபின், அடுத்த ஆண்டே நாடு திரும்பி, ஓய்வு பெறும்வரை இங்கேயே பணியாற்றினேன். அந்தக் கீழ்நிலைப் பயிற்சியைப் பிரிட்டனே 1980களின் இறுதியிலிருந்து படிப்படியாகக் கைவிட்டுவிட்டது.

இது பழங்கதை என்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டா. உலக வங்கி 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010ஆம் ஆண்டில் ஏறக்குறைய பத்து லட்சம் மலேசியர் அயல்நாடுகளில் வாழ்ந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரில் இருந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உயர்கல்வி பெற்றவர். நம் பீடோங்கின் செமெலிங்கில், 2001இல் தொடங்கப்பெற்ற எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவர்களையும் தாதியரையும் உருவாக்கி வருகிறது. அவர்களுள்ளும் பலர் நாளை கடல் கடக்கக்கூடும். செல்வது குற்றமன்று. சென்றவர்கள் ஓடிப்போனவர்களும் அல்லர். ஆனால் அறிந்து செல்ல வேண்டும்.

ஆகவே இளைஞர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: தாளைப் படியுங்கள். வேலை தேடித் தரும் முகவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் தகுதியை எந்த நிலையில் ஏற்கிறார்கள் என்பதை, அந்நாட்டுப் பதிவு வாரியத்திடமே நேரில் எழுதிக் கேளுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு தொகை கட்ட வேண்டும், ஊர் திரும்பினால் அச்சான்றிதழ் இங்கே செல்லுமா என்பவற்றையும் கேளுங்கள். 2022ஆம் ஆண்டில், நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற மலேசிய இளைஞர் பலர், கம்போடியாவிலும் மியன்மாரிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி அடிமைகளாக வதைபட்டதை நாளேடுகளில் படித்தோம். கங்காணி இன்று கைத்தொலைபேசி வழியாக வருகிறான், அவ்வளவுதான் வேறுபாடு. எந்த நாட்டுக்குச் சென்றாலும் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள்: வீட்டுக்கு உண்மையைச் சொல்லுங்கள். இன்று ஏரோகிராம் இல்லை. முகம் பார்த்தே பேசுகிறீர்கள். ஆனால் திரையில் சிரித்துவிட்டு, அழைப்பு முடிந்தபின் அழும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் எண்ணம் எழுந்தால், அதனையும் மறைக்காமல் பெற்றோரிடம் பேசுங்கள். காலம் கடந்து அறிவதே அவர்களைப் பெரிதும் புண்படுத்தும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் உண்மையைச் சொல்ல வேண்டுமாயின், அதனைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும். "அடுத்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு அனுப்புகிறான் தெரியுமா?" என்ற ஒரு கேள்வி போதும், பிள்ளையின் வாய் மூடிவிடும். "இன்று என்ன சாப்பிட்டாய்? அங்கே உனக்கு யார் துணை?" என்று கேளுங்கள். பெண் பிள்ளை தனியே செல்வதைப் பற்றி ஊர் பேசுமே என்று அஞ்சுவோர்க்கு நான் சொல்வது இது: ஊர் எனக்காகப் பேசவும் செய்தது, படிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பவும் செய்தது.

இறுதியாக, ஆலயச் செயலவையினருக்கு ஒரு விண்ணப்பம். சிட்னிக்கு அருகே ஹெலன்ஸ்பர்க்கிலும், மெல்பர்னின் கேரம் டவுன்ஸிலும், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் நம் ஆலயங்கள் எழுந்து நிற்கின்றன. தனியே சென்ற நம் பிள்ளைகள் அங்கெல்லாம் கைகூப்பி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் யார் யார், எங்கெங்கே என்ன தொழில் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியுமா? திருவிழா உபயதாரர்களுக்குப் பேரேடு வைத்திருக்கிறோம். நம் ஊரிலிருந்து சென்ற பிள்ளைகளுக்கும் ஒரு பேரேடு வைப்போம். அவர்கள் விருப்பத்தோடு பெயரும் தொடர்பு எண்ணும் பதிந்துவைப்போம். அடுத்து ஒரு பிள்ளை தாளைக் கையில் ஏந்தி வரும்போது, "இதில் ஒப்பமிடலாமா?" என்று கேட்க, அதே நாட்டில், அதே தொழிலில் இருக்கும் நம்மவர் ஒருவரைச் சுட்டிக்காட்டுவோம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும், பொறுப்பேற்கும் ஒருவரும் போதும். அந்தப் பொறுப்பை ஏற்க நான் அணியமாக இருக்கிறேன். இந்த மேடையை விட்டு இறங்கியதும், முதற்பக்கத்தில் எழுதத் தொடங்குவேன்.

அந்த மைலோ டப்பா இன்றும் என் பூசையறையில் இருக்கிறது. திருநீறு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆண்டுதோறும் இந்த ஆலயத் திருநீற்றால் அதனை நிரப்பி வருகிறேன். அடுத்துப் புறப்படும் பிள்ளை எவராயினும் வந்து அதிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். தம் தாளையும் உடன் எடுத்து வரட்டும். இருவரும் சேர்ந்து படிப்போம்.

செல்லும் பிள்ளைகள் நலமுடன் சென்று, விரும்பும்போது நலமுடன் திரும்ப இறையருள் துணை நிற்பதாக.